கேட் இல்லாத திடல்

மலையிலிருந்து கொழும்புக்கு வேலைக்குப் போகிற பிள்ளைகள் முதல் லீவு கிடைத்த அன்று போய் நிற்கிற இடம் கோல்பேஸ். புறக்கோட்டைப் புடவைக்கடையில் நிற்கிறவன், வெள்ளவத்தை சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறவன், யாரோ ஒருவருடைய வீட்டில் பிள்ளை பார்க்கப் போனவள் என்று எல்லாரும் அங்கே வந்துதான் ஊருக்குப் போன் எடுப்பார்கள். வீடியோவில் கடலைக் காட்டுவார்கள். காற்றுச் சத்தத்தில் ஒரு வார்த்தையும் விளங்காது. ஆனாலும் தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து ஸ்தோப்பில் ஏழெட்டுப் பேர் அந்தப் போனைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். எங்கள் டிவிஷனில் மலையை விட்டுக் கீழே இறங்காத வயசாளிகளுக்குக்கூட அந்த நடைபாதையும், அதன் பின்னால் தெரியும் நீலமும் நல்ல பழக்கம்.

பத்திரிகையில் காலிமுகத்திடல், எங்கள் வாயில் கோல்பேஸ். இலங்கையில் தேயிலைத் தோட்டத்து மலையகத் தமிழருக்கு மிக நெருக்கமான பொது இடம் எது என்று யாராவது கேட்டால், நான் மலையில் எந்த இடத்தையும் சொல்ல மாட்டேன். நாலாயிரம் அடி இறங்கிப் போய்ச் சேருகிற அந்தக் கடலோரத் திடலைத்தான் சொல்வேன். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

ஏப்ரல் பள்ளி விடுமுறையில் அம்மாவையும் தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். தம்பி புறக்கோட்டையில் வேலை, கொட்டாஞ்சேனையில் ஒரு அறை. அவன் மனைவி அவனோடு அங்கே இருக்கிறாள். பிள்ளைகள் எங்களோடு தோட்டத்தில். மலையகத்தில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் இரண்டாகப் பிரிந்து கிடக்கின்றன. அது தனிக் கதை. பஸ்ஸில் போனால் கித்துல்கல, அவிசாவளை வழியாகச் சீக்கிரம் போய்விடலாம். பிள்ளைகள் கோச்சியில்தான் போக வேண்டும் என்று நின்றார்கள். சரி என்று ஹட்டன் ஸ்டேஷனில் முற்பகல் கோச்சியைப் பிடித்தோம்.

ஹட்டன் ஸ்டேஷன் மேடையில் அம்மா எப்போதும் கொஞ்சம் பேச்சுக் குறைந்துவிடுவார். அவருக்குப் பத்துப் பன்னிரண்டு வயசிருக்கும்போது, அவருடைய அக்கா குடும்பம் இந்தியாவுக்குப் போனது இந்த மேடையிலிருந்துதான். 1964 ஒக்டோபரில் இரண்டு நாட்டுப் பிரதமர்களான சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் குடியுரிமை இல்லாத எங்கள் ஆட்களை ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் என்று கணக்கெடுத்து, ஐந்தேகால் இலட்சம் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் இலங்கைக்கு என்று பிரித்தார்கள். மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பங்கிட்டார்கள். அந்தக் காலத்தில் இந்த மேடையில் எழுந்த அழுகையை ஹட்டன் பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். கோச்சி தலைமன்னாருக்கு, அங்கிருந்து கப்பல் இராமேஸ்வரத்துக்கு. பெரியம்மா கண்ணாடி வளையல் போட்டிருந்த கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டியபடி போனதாக அம்மா சொல்வார். அதற்குப் பிறகு சில கடிதங்கள் வந்தன. கடைசியாக வந்த கடிதம் நீலகிரியிலிருந்து.

ஆகவே, கடல் என்றால் அம்மாவுக்கு உல்லாசப் பயணம் நினைவுக்கு வருவதில்லை. நாம் வந்த வழியும் நம் சனம் போன வழியும் அதுதான் என்பதே அவர் மனசில் இருப்பது.

கொழும்பு கோட்டை ஸ்டேஷனில் இறங்கியதும் வெக்கை முகத்தில் அடித்தது. ஏப்ரல் மாதத்தில் மலையிலிருந்து வருகிறவர்களுக்கு அது சும்மா விஷயமில்லை. தம்பி வந்து காத்திருந்தான். சாமான்களை அறையில் கொண்டுபோய்ப் போட்டு, தேத்தண்ணி குடித்துவிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு புறப்பட்டோம். ஓட்டோ எடுக்கலாம் என்றான் தம்பி. எனக்கு நடந்து போகத்தான் ஆசை. ஸ்டேஷன் பக்கமிருந்து லோட்டஸ் வீதியால் நடந்தால் முதலில் உயர்ந்த கட்டடங்கள், ஹோட்டல்கள், அப்புறம் வலது பக்கம் பெரிய தூண்கள் வரிசையாக நிற்கும் ஒரு சாம்பல் நிறக் கட்டடம். அதைத் தாண்டியதும் எல்லாம் விலகி, சட்டென்று திறந்துவிடும். முன்னால் ஒன்றுமே இல்லை. புல்வெளி, நடைபாதை, கடல்.

பிள்ளைகள் இரண்டும் ஓடிவிட்டன. சின்னவன் ஐம்பது அடி ஓடியவன் நின்று திரும்பி, "அத்தை, இங்க ஓடலாமா?" என்று கேட்டான்.

அந்தக் கேள்வி எனக்குள் தைத்துவிட்டது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குத்தான் அது விளங்கும். எங்கள் மண்ணில் எந்த இடத்தில் கால் வைத்தாலும் அது யாரோ ஒருவருடைய பொறுப்பில் இருக்கும் இடம். தோட்டக் காணி அரசாங்கத்தினுடையது. 1992இலிருந்து நிர்வாகம் கம்பனிகளின் கையில். லயம் நிற்கிற நிலம், கோயில் நிற்கிற நிலம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பிள்ளை மடுவம் நிற்கிற நிலம், சுடுகாடு, எல்லாம் அதே கணக்கில்தான். வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரம் இழுத்து இறக்குவதற்கும் அனுமதி கேட்க வேண்டும். எங்கள் டிவிஷனில் விளையாட்டுத் திடல் என்று ஒன்று உண்டு. தீபாவளிக்கு ஒரு கிரிக்கெட் போட்டி வைப்பதென்றால் தோட்ட ஆபீஸுக்குக் கடிதம் கொடுத்துவிட்டுத்தான் குச்சி நடலாம். இருக்கிறதிலேயே பரந்த வெளி பெரட்டுக்களம். காலையில் பேர் கூப்பிட்டு, எந்த மலைக்கு யார் என்று வேலை பிரித்துக் கொடுக்கிற இடம். அங்கே நின்றால் வரிசையில்தான் நிற்க வேண்டும். என் அம்மா தன் வாழ்நாளில் அதிகம் நின்ற திறந்தவெளி அதுதான்.

டவுனில் பூங்கா இல்லையா என்றால், இருக்கிறது. நுவரெலியாவில் விக்டோரியா பூங்கா, மகாராணியின் வைர விழாவை ஒட்டி 1897இல் அமைத்தது. ஹக்கலை தோட்டம் 1861இல் சின்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய இடம். பேராதனைப் பூங்கா அவற்றுக்கெல்லாம் மூத்தது, 1821. மூன்றும் அழகான இடங்கள்தான், எனக்கு அதில் ஒரு மறுப்பும் இல்லை. பேராதனையின் அரச பனை வரிசையை எத்தனை தரம் பார்த்தாலும் அலுக்காது. ஆனால் மூன்றிலும் வாசலில் கேட் உண்டு, டிக்கெட் உண்டு, மூடுகிற நேரம் உண்டு. ஐந்து பேர் உள்ள குடும்பம் உள்ளே போய் வருவதற்கு ஒரு நாள் கொழுந்துச் சம்பளத்தை யோசித்துப் பார்க்க வேண்டியிருக்கும். கோல்பேஸில் எதுவும் இல்லை. எந்த நேரத்திலும் எந்தப் பக்கத்தாலும் நுழையலாம். யாரும் கேட்க மாட்டார்கள், நீ எந்தத் தோட்டம், எந்த டிவிஷன் என்று.

"ஓடுடா, ஓடு," என்றேன்.

திடல் இப்போது ஐந்து ஹெக்டேயர் அளவுதான், கரையோரமாக அரைக் கிலோமீட்டர் நீளம். ஒரு காலத்தில் இதைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது. ஒல்லாந்தர் காலத்தில் கோட்டைச் சுவரிலிருந்து பீரங்கி சுடுவதற்குத் தடையில்லாமல் இருக்கட்டும் என்று வெட்டவெளியாக விட்டுவைத்த நிலம் இது. பிறகு வந்த ஆங்கிலேயர் இங்கே குதிரை ஓட்டினார்கள். 1893இல் குதிரைப் பந்தயம் கறுவாத்தோட்டத்துக்குப் போகும் வரைக்கும் இங்கேதான் நடந்தது. 1879இலிருந்து கொஞ்சக் காலம் கோல்ஃப் ஆடினார்கள். தெற்கு முனையில் நிற்கும் கோல்பேஸ் ஹோட்டல் 1864இல் கட்டியது.

நடைபாதையைப் போட்டவர் ஆளுநர் சேர் ஹென்றி வார்ட். 1856இல் தொடங்கி 1859இல் முடித்ததாகவும், கொழும்பிலுள்ள சீமாட்டிகளின், சிறுவர்களின் நலனுக்காகத் தனக்குப் பின் வருகிற ஆளுநர்களின் பொறுப்பில் இதை ஒப்படைப்பதாகவும் அங்கே ஒரு கல்லில் பொறித்திருக்கிறது. நான் அந்தக் கல்லின் முன்னால் நின்று அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

வார்டை எங்களுக்கு வேறு விதத்திலும் தெரியும். 1855இலிருந்து 1860 வரை அவர் இங்கே ஆளுநர். கோப்பிக் காலம். மலையிலிருந்து கோப்பி மூட்டைகள் மாட்டு வண்டியில் இறங்கிக்கொண்டிருந்தன, துரைமார் ரயில் பாதை வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். 1858 ஓகஸ்டில் ரயில் பாதைக்கு முதல் மண்ணை வெட்டியவர் இவர்தான். நாங்கள் வந்த பாதை அதன் தொடர்ச்சி. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை என்று அது மலை ஏறியது. கொழும்புச் சீமாட்டிகள் மாலைக் காற்று வாங்க இங்கே பாதை போட்ட அதே வருஷங்களில், இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி, சேலம் பக்கத்திலிருந்து வந்த சனங்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கும் மேல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்துகொண்டிருந்தார்கள். வாந்திபேதியில் விழுந்தவர்களை வழியிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் நடந்தார்கள். வார்டும் அந்த நோயிலேயே போனார். 1860இல் சென்னைக்கு ஆளுநராக மாற்றலாகிப் போய், அங்கே சேர்ந்த கொஞ்ச நாளில் வாந்திபேதி கண்டு இறந்தார்.

அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். கல்லைக் காட்டி, "இது கொழும்பு புள்ளைங்களுக்குன்னா எழுதியிருக்கு?" என்றார். ஆமாம் என்றேன். தம்பியின் மகள் நடைபாதைச் சுவரில் ஏறி நின்று கடலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தார். "நம்ம புள்ளைக்கும் சேத்துதான்," என்று சொல்லிவிட்டு மேலே நடந்தார்.

அடுத்ததாக நடந்ததையும் சொல்ல வேண்டும். சுவரோரமாக நின்று அம்மா, "இந்தியா எந்தப் பக்கம்?" என்று கேட்டார். தம்பி நேரே கடலைக் காட்டினான். அங்கே நிற்கிற யாருக்கும் அப்படித்தான் தோன்றும், ஆனால் அந்தத் திசையில் இந்தியா இல்லை. கோல்பேஸ் மேற்கைப் பார்த்த கரை. நேரே போனால் மாலைதீவின் வட முனை, அதைத் தாண்டினால் ஆபிரிக்கா. இராமேஸ்வரம் நமக்கு வலது கைப் பக்கம், கிட்டத்தட்ட நேர் வடக்கில், துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் அந்தப் பக்கம். போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அம்மா வலது பக்கம் திரும்பினார். அங்கே கடலை நிரப்பி எழுப்பிய துறைமுக நகரத்தின் மண்மேடும் பாரந்தூக்கிகளும் தெரிந்தன. 2014இல் தொடங்கிய வேலை அது. அது வருவதற்கு முன் அந்தப் பக்கமும் கடல்தான். கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்ப அங்கிட்டிருந்துதான் எல்லாம்," என்றார். பெரியம்மாவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கிளறவில்லை.

பசி வந்தால் கோல்பேஸில் கவலையில்லை. கண்ணாடிப் பெட்டி வைத்த தள்ளுவண்டிகளில் இறால் வடை அடுக்கி இருக்கும், சிங்களத்தில் இஸ்ஸோ வடே. பருப்பு மாவைத் தோசைக் கரண்டி அகலத்துக்குத் தட்டி, மேலே தோல் உரிக்காத முழு இறால் இரண்டு மூன்றை அழுத்திப் பொரித்தெடுப்பது. வாங்கும்போது வண்டிக்காரர் அதைக் கத்தரியால் நாலாக வெட்டி, வினாகிரியில் ஊறிய வெங்காயமும் கரட்டும் போட்டு, மேலே சிவப்புச் சோஸ் ஊற்றித் தருவார். இறாலின் மீசை வடைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். ஆற்று மீனும் கருவாடும் நெத்தலியும் சாப்பிட்டு வளர்ந்தவர், தலையோடு சாப்பிடுவதா என்று யோசித்தார். ஒரு கடி கடித்தார். தோல் மொறுமொறுவென்று நொறுங்கியது. பிறகு தன் பங்கைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கவில்லை, முழுவதையும் சாப்பிட்டு முடித்தார். அன்னாசிக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவி விற்றவர் நல்ல தமிழ் பேசினார். எந்த ஊர் என்று கேட்டால் பொகவந்தலாவை. தங்கச்சி இன்னும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறாளாம். அம்மாவுக்கு ஒரு துண்டு கூடப் போட்டுக் கொடுத்தார், அந்தத் துண்டுக்குக் காசு வாங்கவில்லை.

சின்னவனுக்குத் தம்பி பட்டம் வாங்கிக் கொடுத்தான். எங்கள் பள்ளத்தாக்கில் பட்டம் விடுவது கஷ்டம். காற்று மலைச் சரிவில் மோதி நிமிஷத்துக்கு ஒரு திசையில் சுழலும், பட்டம் தலைகீழாக வந்து தேயிலைக்குள் இருக்கிற நிழல் மரத்தில் சிக்கிக்கொள்ளும். கடற்கரையில் கதை வேறு. பகல் முழுக்கத் தரை சூடேறிக் கிடப்பதால் கடல் பக்கத்திலிருந்து குளிர்ந்த காற்று ஒரே சீராக உள்ளே வந்துகொண்டே இருக்கும். ஓட வேண்டியதே இல்லை. நூலைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், பட்டம் தானாக ஏறியது. பையன் நூல் உருண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி நின்றான். நூல் அவன் விரலில் அதிர்வதை என்னிடம் தொட்டுப் பார்க்கச் சொன்னான். தொட்டேன். விண் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் பாய் விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது, அந்தப் பக்கம் சிங்களப் பிள்ளைகள் இருவர். மூன்று பட்டமும் சிக்கிக்கொள்ளாமல் இருக்க மூன்று மொழியில் கத்தினார்கள், எல்லாருக்கும் எல்லாம் விளங்கியது.

இப்போது அந்தத் தூண்கள் உள்ள கட்டடத்துக்கு வருகிறேன்.

திடலின் வடக்கு முனையில் நிற்கும் அது பழைய பாராளுமன்றம். 1930 ஜனவரியில் திறந்தார்கள், 1982இல் பாராளுமன்றம் கோட்டேக்குப் போகும் வரைக்கும் மக்கள் பிரதிநிதிகள் சபை இங்கேதான் கூடியது. இப்போது ஜனாதிபதி செயலகம். 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் 7 பேர் வென்று இந்தக் கட்டடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். தோட்டத்து மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆட்கள். அடுத்த வருஷம் பிப்ரவரியில் நாடு சுதந்திரம் பெற்றது. அந்த வருஷம் முடிவதற்குள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தை இதே கட்டடத்தில் நிறைவேற்றினார்கள். தகப்பன் இலங்கையில் பிறந்ததற்கு, அல்லது தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி காட்டு என்றது சட்டம். லயத்துக் காம்பராவில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காலத்தில் யார் கடதாசி எழுதிவைத்தார்கள்? 1949இல் ஓட்டுரிமையும் போனது. உழைத்துக்கொண்டிருந்த சனம், தோட்டத்தை விட்டு எங்கேயும் போகாமலே நாடில்லாத சனமாகிவிட்டது. கடைசியாக மிஞ்சியிருந்தவர்களுக்கும் குடியுரிமை கொடுக்கும் சட்டம் வந்தது 2003இல். என் பாட்டன் அதைக் காணவில்லை.

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் நான் ஒரு பாடமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், ஆண்டுகளைக் கரும்பலகையில் எழுதி. அன்றைக்கு அந்தக் கட்டடத்தையும் அதன் முன்னால் பட்டம் விடுகிற பிள்ளையையும் ஒரே பார்வையில் பார்த்தபோது, எழுதிப் போட்ட அந்த ஆண்டுகளெல்லாம் ஒரு இடத்தில் வந்து நின்றன. அங்கேயிருந்து இங்கே நடந்தால் இரண்டு நிமிஷம்.

திடல் சும்மா இருக்கவில்லை. 1956 ஜூன் 5ஆம் தேதி, தனிச் சிங்களச் சட்டத்தை எதிர்த்து செல்வநாயகமும் தமிழரசுக் கட்சியினரும் இந்தப் புல்லில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். கும்பல் வந்து அடித்தது. அடுத்து வருகிறது எங்கள் நாள்: 2018 ஒக்டோபர் 24. அடிப்படை நாட்சம்பளம் 500 ரூபாய் இருந்த காலம். ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று கேட்டு, கொழும்பில் வேலை செய்கிற மலையக இளைஞர்கள் கறுப்பு உடுப்பில் இங்கே கூடினார்கள். கட்சி கூப்பிடவில்லை, தொழிற்சங்கம் லொறி அனுப்பவில்லை. முகநூலில் ஒருவருக்கு ஒருவர் சொல்லிச் சேர்ந்த கூட்டம். ஆயிரக்கணக்கில் வந்தார்கள். தம்பியும் அதில் நின்றவன், கடையில் லீவு கேட்டால் கிடைக்காது என்று சொல்லாமல் போனவன். அன்றைக்கு அவன் போனில் அனுப்பிய படத்தில் புல்லே தெரியவில்லை, முழுக்கக் கறுப்பு.

அவர்களில் யாரும் கொழுந்து எடுக்கிறவர்கள் இல்லை. கடையில் நிற்கிறவர்கள், ஹோட்டலில் நிற்கிறவர்கள். கேட்டது தங்களுக்கில்லை, அம்மாவுக்கு. அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிறையும். 2019 ஜனவரியில் கூட்டு ஒப்பந்தம் அடிப்படைச் சம்பளத்தை 700 ஆக்கியது. ஆயிரம் ரூபாய் வந்தது 2021 மார்ச்சில், சம்பளச் சபை வழியாக. அந்த ஒரு மாலையால் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மலையகப் பிள்ளைகள் தோட்டத்தின் எல்லைக்கு வெளியே, தலைநகரத்தின் நடுவில், ஒருத்தரிடமும் அனுமதிக் கடிதம் கொடுக்காமல் திரண்டு நின்றது அந்தத் திடலில்தான். வேறு எங்கே நின்றிருக்க முடியும்?

நாலு வருஷம் கழித்து, 2022 ஏப்ரல் 9இலிருந்து, ஜனாதிபதி கோட்டாபயவைப் பதவி விலகச் சொல்லி முழு நாடும் வந்து அதே இடத்தில் கூடாரம் அடித்தது. அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த வருஷம் மே 18ஆம் தேதி முள்ளிவாய்க்காலில் இறந்தவர்களுக்கு அங்கே விளக்கேற்றினார்கள். 1956இல் அடி வாங்கிய அதே புல்லில்.

தம்பி அந்தக் கறுப்புச் சட்டை நாளில் தான் நின்ற இடத்தை அம்மாவுக்குக் காட்டினான். கொடிக்கம்பத்துக்குக் கொஞ்சம் தள்ளி. "இங்கதாம்மா நின்னோம்." அம்மா அந்த இடத்தில் போய்க் காலை மாற்றி மாற்றி வைத்து நின்றார். "ரொம்ப வெயிலா இருந்துச்சா?" என்று கேட்டார். ஒரு அம்மாவின் கேள்வி அதுதான். பொழுது சாயும்போது படையினர் வரிசையாக வந்து கொடியை இறக்கினார்கள். கடலையைச் சாப்பிட்டுக்கொண்டே எல்லாரும் எழும்பி நின்றோம்.

திரும்பி வந்த பிறகு நான் இந்த விஷயத்தைப் பலரிடம் பேசிக்கொண்டே இருக்கிறேன். நம்மிடம் ஏன் இப்படி ஒரு இடம் இல்லை? சமதரை கிடையாது என்கிறார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதி சட்டத்தில் இருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு காரணமாக, தோட்ட எல்லைக்குள் சபைப் பணத்தில் ஒரு வீதியோ விளக்கோ போட முடியாது என்றுதான் எங்களுக்கு வருஷக்கணக்காகச் சொன்னார்கள். தோட்டத்து மக்கள் சபைக்கு ஓட்டுப் போடுவார்கள், சபை தோட்டத்துக்குள் வராது. 2018இல் அதைத் திருத்தியாகிவிட்டது. ஆகவே இன்றைக்கு அந்தச் சாட்டு இல்லை.

நிலமும் இருக்கிறது. தேயிலை கைவிட்டு மானாப் புல் மண்டிக் கிடக்கும் மலைகளை எங்கள் பக்கத்தில் யார் வேண்டுமானாலும் காட்டுவார்கள். மூடிய தொழிற்சாலைகளைச் சுற்றிச் சமதரை கிடக்கிறது. நீர்த்தேக்கங்களின் ஓரமாக, காசல்ரீ பக்கமோ மவுசாகலை பக்கமோ, மாலையில் குடும்பங்கள் தாங்களாகவே போய் உட்காருகிற சரிவுகள் இருக்கின்றன. தண்ணீரில் இறங்குவது ஆபத்து, வேலி கட்டத்தான் வேண்டும். ஆனால் கரையில் உட்கார ஒரு இடம் செய்து கொடுக்கலாம். மே தினத்துக்குக் கூட்டம் போட, பொங்கலுக்குக் கரகம் ஆட, காமன் கூத்துக்கு ஒரு களம், சாதாரண நாளில் வயசானவர்கள் நடக்க, பிள்ளைகள் ஓட.

எங்கள் பெற்றோர் சங்கத்தில் இதை எடுத்து வைத்தபோது ஒரு பெரியவர் எழும்பி, அதை யார் பராமரிப்பது, கேட் போட்டு ஒருவரை வைக்க வேண்டும் என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். நான் வேண்டாம் என்றேன். வெட்டிச் சமப்படுத்திய புல், பத்துப் பன்னிரண்டு வாங்கு, ஒரு தண்ணீர்க் குழாய், பெண்களுக்கும் ஆண்களுக்கும் தனித்தனியாகக் கழிவறை, இரவில் இரண்டு விளக்கு, ஊரிலிருந்து இறங்கி வர ஒரு படிக்கட்டு. கேட் போடாமல் விடுங்கள், கேட்டுக்கு ஆகிற காசில் இன்னொரு விளக்குப் போடலாம் என்றேன். பிரதேச சபைக்குக் கொடுக்கப் போகும் மனுவில் அந்த வரியை அப்படியே எழுதியிருக்கிறோம். கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். முதல் கையெழுத்து அம்மாவுடையது.